எப்பத்தைய கணக்கு?

2022 ஜூலையில் ஒரு நாள், காலை பத்தரை மணியிருக்கும். யாழ்ப்பாணம் டவுனில் பார்மசி நடத்தும் அக்கா ஒருவர் எங்களுக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளையள், இஞ்ச நெடுந்தீவில இருந்து ஒரு ஐயா வந்து நிக்கிறார். உங்கட பக்கத்தில ரெண்டு இன்சுலின் இருக்கெண்டு பாத்திட்டு வந்தவராம். என்னட்ட அது நேற்றுப் பின்னேரமே முடிஞ்சிட்டுது. நீங்களே ஒருக்கா அவரோட கதையுங்கோ."

என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்கு உடனேயே விளங்கிவிட்டது. அதற்கு மூன்று கிழமைக்கு முதல் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு ஒரு எண்ணை மாற்றியிருந்தோம். 5 என்று கிடந்ததை 180 ஆக்கினோம். மாற்ற ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது.

அப்போது நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் கம்பஸில் கடைசி வருடம். ஒருத்தி வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒருவன் வீட்டில் இருந்தபடி பகுதிநேரமாகக் கோடிங் செய்துகொண்டிருந்தான். அந்த வருடம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. இடையில் ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. இந்த நாட்டுக்குத் தேவையான மருந்தில் 80 சதவீதத்துக்கும் மேல் வெளியில் இருந்துதான் வருகிறது. டொலர் தட்டுப்பட்டால் மருந்தும் தட்டுப்படும்.

மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சனம் கடை கடையாக ஏறி இறங்கியது. இந்தக் கடையில் இல்லாதது அடுத்த தெருவில் இருக்கும், ஆனால் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அம்மாவின் பிரஷர் குளிசைக்காக ஒரே நாளில் ஒன்பது கடைக்குச் சைக்கிள் உழக்கிய ஒருத்தி எங்களுக்குள்ளேயே இருந்தாள். அவள்தான் முதலில் கேட்டாள்.

"எல்லாக் கடையிலயும் பில் போடுற கொம்பியூட்டர் இருக்குத்தானே? என்ன மருந்து எவ்வளவு மிச்சம் எண்டு அதுக்குத் தெரியும்தானே? அதையெல்லாம் ஒரு இடத்தில காட்டினா என்ன?"

அப்படித்தான் தொடங்கியது. தெரிந்த கடைகளில் கேட்டோம். பதினொரு பேர் ஓம் என்றார்கள். விலை வேண்டாம், வாங்குகிறவரின் பெயர் வேண்டாம், மருந்தின் பெயரும் மிச்ச எண்ணிக்கையும் மட்டும் காணும் என்று சொன்ன பிறகுதான் ஓம் என்றார்கள். அது நியாயம்தான்.

டேட்டா பைப்லைன் என்று பெரிய பெயரில் சொன்னாலும் நாங்கள் செய்தது சின்ன வேலை. கடைக் கொம்பியூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். அது பில் போடும் மென்பொருளின் டேட்டாபேசைத் திறந்து, மருந்துப் பட்டியலை வாசித்து, இணையத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த டேட்டாபேசுக்கு அனுப்பும். எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கா அனுப்பவேண்டும் என்று எங்கள் சேர்வரில் ஒரு அட்டவணை இருக்கும், ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து நடக்கும். சனம் பார்க்கும் பக்கம் எங்கள் டேட்டாபேசில் இருந்து வாசிக்கும். ஒரு கிணற்றில் இருந்து அள்ளி மற்றத் தொட்டியில் ஊற்றுகிற மாதிரி.

எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா அள்ளுவது? முதல் நாள் அதை யோசித்தே பார்க்கவில்லை. 5 நிமிடம் என்று போட்டோம். ஏன் 5 என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. 1 என்றால் கூடிப்போச்சு, 10 என்றால் பழசாகத் தெரியும். "ரியல் டைம்" என்று சொல்லிக்கொள்ள 5 வசதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அது பெருமைக்காகப் போட்ட எண்.

பெருமைக்கு விலை உண்டு. முதல் குரல் ஒரு கடைக்கார அண்ணையிடம் இருந்து வந்தது. "தம்பியவை, நீங்கள் உதைப் பூட்டின நாள் தொடக்கம் என்ர டேட்டா பறக்குது." கணக்குப் பார்த்தோம். ஒரு கடையில் ஏறக்குறைய 4,000 மருந்து வரிசைகள். ஒரு வரிசை 100 பைட் என்று வைத்தால் ஒருமுறை அனுப்ப 400 கிலோபைட். 5 நிமிடத்துக்கு ஒருக்கா என்றால் ஒரு நாளுக்கு 288 முறை, அதாவது 115 மெகாபைட். மாதத்துக்கு மூன்றரை ஜிகாபைட்டுக்குக் கிட்ட. கடை பூட்டியிருக்கும் நேரத்தையும் கரண்ட் இல்லாத நேரத்தையும் கழித்தாலும் டொங்கிள் டேட்டாவில் ஓடும் சின்னக் கடைக்கு அது பாரம். அந்த 4,000 வரிசையில் 5 நிமிடத்துக்குள் மாறியிருப்பது ரெண்டோ மூண்டோ. மிச்சம் எல்லாம் ஏற்கெனவே அனுப்பியதைத் திரும்பத் திரும்ப அனுப்புவது.

இரண்டாவது குரல் கொழும்பில் இருந்து வந்தது. எங்களில் ஒருவனின் அக்காவின் கார்ட்டில்தான் அந்த டேட்டாபேசுக்குக் காசு போய்க்கொண்டிருந்தது. நாங்கள் எடுத்தது, யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்தால் தானாக நித்திரைக்குப் போகும் வகை. அது முழித்திருக்கும் நேரத்துக்குத்தான் காசு. மலிவு என்று நினைத்து எடுத்தோம். ஆனால் பதினொரு கடை 5 நிமிடத்துக்கு ஒருக்கா கதவைத் தட்டினால் அது எப்படி நித்திரை கொள்ளும்? இரண்டாம் மாதம் 46 டொலர் வந்தது. 360ஆல் பெருக்கினால் 16,560 ரூபா. அக்கா ஏசவில்லை. "இது எவ்வளவு காலத்துக்கு ஓடும்?" என்று மட்டும் கேட்டார். அது ஏச்சை விடக் கஷ்டமாக இருந்தது.

அன்று பின்னேரம் கரண்ட் இல்லை. தேத்தண்ணிக் கடையில் கூடினோம். "மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா போட்டாக் காணும்" என்றான் ஒருவன். மற்றவர்கள் தலையாட்டினோம். கடைக்காரரிடம் கேட்கவில்லை. பக்கத்தைப் பார்க்கும் சனத்திடம் கேட்க எங்களுக்கு யோசனையே வரவில்லை. போனிலேயே சேர்வருக்குள் போய் 5ஐ 180 ஆக்கினோம்.

அடுத்த மூன்று கிழமை நிம்மதி. டேட்டா பறக்கவில்லை. பில் இறங்கத் தொடங்கியது. ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. முறைப்பாடு இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொண்டோம். ஏமாந்து திரும்பிப் போகிறவர் எங்களைத் தேடிவந்து சொல்லப்போவதில்லை என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. அந்த அக்கா போன் எடுத்திருக்காவிட்டால் நெடுந்தீவு ஐயாவைப் பற்றியும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

நாங்கள் சைக்கிளில் அந்தக் கடைக்குப் போனோம். ஐயா வாங்கில் இருந்தார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஐஸ் போட்ட தேத்தண்ணி பிளாஸ்க். இன்சுலினை 2 தொடக்கம் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்கவேண்டும், அதனால் அந்த ஆயத்தத்தோடு வந்திருக்கிறார். மருந்து அவருக்கில்லை, மனிசிக்கு. முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குப் பேத்தி போனில் எங்கள் பக்கத்தைப் பார்த்து, "அப்பப்பா, டவுனில ரெண்டு இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். காலையில் முதல் படகில் ஏறி, ஒரு மணித்தியாலம் கடலில் இருந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்துநின்று வந்திருக்கிறார். ஜூன் 28இல் இருந்து அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்திருந்த காலம். படகும் குறைவு, பஸ்ஸும் குறைவு.

நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிசாக எடுக்கவில்லை.

"நான் உங்களைப் பிழை சொல்லேல்லை, தம்பி. உதில ரெண்டு எண்டு கிடந்தது எப்பத்தைய கணக்கு?"

"நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக் கணக்கு, ஐயா."

"அப்ப அதையும் உதில எழுதியிருக்கலாமே. ஆறு மணிக் கணக்கெண்டு தெரிஞ்சிருந்தா காலமை கடைக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிட்டு வெளிக்கிட்டிருப்பன்."

எங்களிடம் பதில் இல்லை. பார்மசி அக்கா நாலு கடைக்குப் போன் எடுத்து, திருநெல்வேலியில் எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு கடையில் ஒரே ஒரு போத்தல் இருப்பதைக் கண்டுபிடித்தார். எங்களில் ஒருவன் சைக்கிளில் போய் எடுத்துவந்து பிளாஸ்கில் வைத்துக் கொடுத்தான். நாங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் செய்யாததை அன்று ஒரு போனும் ஒரு சைக்கிளும் செய்தன.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் எங்கள் 180இன் உண்மையான முகம் தெரிந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்றால் எங்கள் கணக்கு ஆகக்கூடினது மூன்று மணித்தியாலம் பழசாக இருக்கும் என்றே நம்பியிருந்தோம். ஆனால் சேர்வரின் அட்டவணை நள்ளிரவில் தொடங்கி 3, 6, 9, 12 என்று ஓடியது. கடை திறப்பது எட்டரைக்கு, பூட்டுவது இரவு எட்டுக்கு. நாளுக்கு எட்டு முறையில் காலை 9, பகல் 12, பின்னேரம் 3, 6 ஆகிய நாலு முறைதான் கொம்பியூட்டர் உயிரோடு இருக்கும். மற்ற நாலும் நிறுத்தி வைத்திருக்கும் கொம்பியூட்டரிடம் கேட்பது. முதல்நாள் 6 மணிக்கு ரெண்டு போத்தல் என்று பதிவாகியது. 6.40க்கு ஒன்றும் 7.15க்கு மற்றதும் விற்றுவிட்டது. எங்கள் பக்கம் அடுத்தநாள் காலை 9 மணிவரை, பதினைந்து மணித்தியாலம், ரெண்டு ரெண்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஐயா படகில் ஏறும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. எல்லா எண்ணும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. பனடோல் 400 அட்டை இருந்து 20 விற்றால் அப்போதும் பதில் "இருக்கு"தான். காலையில் பார்த்த கணக்கு இரவும் செல்லும். ஆனால் கரண்ட் வெட்டால் குளிர்சாதனப் பெட்டியை நம்பமுடியாத கடைகள் இன்சுலினை ரெண்டு மூன்று போத்தலுக்கு மேல் வைத்திருக்கப் பயந்தன. ரெண்டு என்ற எண் அரை மணித்தியாலத்தில் பொய்யாகிவிடும். நாங்கள் இரண்டையும் ஒரே 180இல் போட்டிருந்தோம்.

இவ்வளவும் விளங்கியதும் புத்தியாக ஏதாவது செய்திருக்கவேண்டும். நாங்கள் பயத்தில் எல்லாவற்றையும் திரும்ப 5 ஆக்கினோம்.

இரண்டே நாள். கரண்ட் இல்லாத நேரங்களில் போன் ரவர்களும் களைத்துப்போகும், இணையம் ஊரும். முன்பு ஒரு நிமிடத்தில் முடிந்த அனுப்பல் ஏழு எட்டு நிமிடம் எடுத்தது. முதலாவது முடிய முன்னம் இரண்டாவது தொடங்கும், அது முடிய முன்னம் மூன்றாவது. மூன்றும் ஒரே டேட்டாபேசை ஒரே நேரத்தில் வாசிக்கும். பின்னேரம் கடையில் சனம் நிரம்பி நிற்க, பில் போடும் மென்பொருள் இறுகி நின்றது. "முன்னுக்குப் பதினைஞ்சு பேர் நிக்கினம், ஒரு பில் போடேலாமல் கிடக்கு" என்று ஒரு அண்ணை சத்தம் போட்டுவிட்டு ஸ்கிரிப்டை நிறுத்தினார். அவருடைய கடையும் கணக்கும் எங்கள் பக்கத்தில் இருந்து மறைந்தன. புதுக் கணக்கு வேண்டும் என்று அவசரப்பட்டு, இருந்த கணக்கையும் இழந்தோம்.

அதற்குப் பிறகுதான் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஒழுங்காக இருந்தோம். எத்தனை நிமிடம் என்ற கேள்வியைத் தள்ளி வைத்தோம். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆர் என்ன முடிவெடுக்கிறார், எண் பிழையென்றால் அவருக்கு என்ன நட்டம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் கேட்டோம். இந்த முறை எங்களுக்குள் மட்டும் கேட்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டோம், வரிசையில் நின்றவர்களிடம் கேட்டோம். தூர இடத்தில் இருந்து எதைத் தேடி வருகிறார்கள் என்று பார்மசி அக்காதான் சொல்லித்தந்தார். இன்சுலின், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், வலிப்புக் குளிசை, சில இருதய மருந்துகள் என்று எழுத எழுத ஏறக்குறைய நாற்பது வந்தது.

பிறகு இப்படி மாற்றினோம். அந்த நாற்பதும் கடை திறந்திருக்கும் நேரத்தில் 10 நிமிடத்துக்கு ஒருக்கா. மற்றவை ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இரண்டிலும் கடைசியாக அனுப்பியதற்குப் பிறகு மாறிய வரிசைகள் மட்டும் போகும், முழுப் பட்டியல் போகாது. ஒரு வரிசை மாறினால் அதில் நேரத்தை மென்பொருள் தானாகப் பதிந்துவிடும், அந்த நேரத்தைப் பார்த்துத்தான் எடுப்போம். முழுப் பட்டியல் நாளுக்கு ஒருக்கா, இரவு ஏழரைக்கு, கடை பூட்ட அரை மணித்தியாலத்துக்கு முன். முதல் அனுப்பல் முடியாவிட்டால் அடுத்தது தொடங்காது, தன் முறையை விட்டுவிடும். பதினொரு கடையும் ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் தள்ளி வைத்தோம். நாற்பதில் எதுவாவது மூன்றுக்குக் கீழே இறங்கினால் 10 நிமிடம் காத்திருக்காமல் உடனே சொல்லவும் வைத்தோம். கடைக்குள்ளேயே பார்ப்பதற்கு டேட்டா செலவில்லை, அனுப்புவதற்குத்தான் செலவு. பார்ப்பதையும் அனுப்புவதையும் பிரிக்கலாம் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதையெல்லாம் ஒவ்வொரு கடையாகப் போய்ப் பூட்டினோம், சைக்கிளில்தான். கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்ற காலம் அது. அந்த மாத பில் 15 டொலர். சத்தம் போட்ட அண்ணையும் திரும்பச் சேர்ந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம்.

ஆகஸ்டில் இன்னொரு கடையில் இருந்து போன். "உங்கட பக்கத்தில இன்ஹேலர் ஆறு எண்டு கிடக்கு. என்னட்ட ஒண்டும் இல்லை. காலமை தொடக்கம் மூண்டு பேர் வந்திட்டுப் போட்டினம்." சேர்வரைப் பார்த்தால் எல்லாம் பச்சை. 10 நிமிடத்துக்கு ஒருக்கா ஒழுங்காக ஓடியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் வெற்றி, ஒவ்வொரு முறையும் மாறிய வரிசைகள் பூச்சியம்.

கடைக்குப் போனோம். ஒரு மணித்தியாலம் தலையைச் சொறிந்த பிறகு எங்களில் ஒருத்தி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு கொம்பியூட்டரின் மூலையைப் பார்த்தாள். கொம்பியூட்டரின் நேரம் நாற்பது நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. கொம்பியூட்டருக்குள் மணிக்கூட்டை ஓடவைக்க ஒரு பொத்தான் பற்றரி இருக்கும். அது பழசாகிவிட்டால் கரண்ட் இல்லாத நேரம் மணிக்கூடு பிந்திவிடும். பத்துமணிக்கு விற்ற இன்ஹேலர் 9.20க்கு விற்றதாகப் பதிவாகும். நாங்களோ எங்கள் சேர்வரின் நேரத்தை அடையாளமாக வைத்து, "9.50க்குப் பிறகு மாறினது என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றுமில்லை என்று அது உண்மையாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த முறை 10 மணிக்குப் பிறகு என்ன என்று கேட்போம், அதற்கும் ஒன்றுமில்லை. இரவு முழுப் பட்டியல் போகும்வரை அந்தக் கடையில் ஒரு விற்பனையும் எங்களுக்கு வந்துசேராது.

பிழை கடைக்காரரின் பற்றரியில் இல்லை. அவர்களுடைய கணக்கை எங்கள் மணிக்கூட்டால் அளந்தது எங்கள் பிழை. பிறகு கடையில் இருந்து வந்த வரிசைகளில் எது ஆகக் கடைசி நேரமோ அதையே அடையாளமாக வைத்தோம். அதிலும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போய்த் திரும்ப வாசிக்க வைத்தோம். வந்த வரிசை திரும்ப வந்தால் குறையில்லை, விடுபட்டால்தான் குறை.

எங்களை உலுக்கியது வேறொன்று. அந்தக் கிழமை முழுக்க எங்கள் பக்கம் "10 நிமிடத்துக்கு முதல் புதுப்பிக்கப்பட்டது" என்று போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பழைய கணக்கைக் காட்டியிருக்கிறது. அடிக்கடி கேட்பதால் மட்டும் பதில் புதுசாகிவிடாது. ஐயா கேட்டது இதைத்தான். நீங்கள் எப்ப அனுப்பினீங்கள் என்று அவர் கேட்கவில்லை. அது எப்பத்தைய கணக்கு என்று கேட்டார். அனுப்பிய நேரத்தைச் சொல்வது எங்களுக்குச் சுகம், அது சேர்வரிலேயே இருக்கிறது. கடையில் அந்த எண் எப்போது உண்மையாக இருந்தது என்று சொல்லத்தான் கொஞ்சம் வேலை செய்யவேண்டும்.

அந்த வேலையைச் செய்தோம். ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்தில் கடைக் கணக்கு கடைசியாக எப்போது உறுதியானது என்று எழுதினோம். "இண்டைக்குக் காலமை 10.40", "நேற்றுப் பின்னேரம் 7.30" என்று, சனம் கதைக்கிற மாதிரியே. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பழசென்றால் எண்ணை மறைத்துவிட்டு, "கடைக்குப் போன் எடுத்துக் கேட்டிட்டு வாங்கோ" என்று கடை நம்பரைக் காட்டினோம். ஒரு கடையில் மூன்று மணித்தியாலமாக ஒரு விற்பனையும் வராவிட்டால் எங்கள் போனுக்கு மெசேஜ் வரும். யாழ்ப்பாணத்துப் பார்மசியில் பகல் மூன்று மணித்தியாலம் ஒன்றுமே விற்காது என்றால், ஒன்று கரண்ட் இல்லை, அல்லது எங்களில் பிழை.

தொழில்நுட்பத்தில் பார்த்தால் அந்த ஒரு வரி எழுதுவது அரைநாள் வேலை. ஆனால் நாங்கள் செய்த எல்லாவற்றிலும் சனத்துக்கு ஆகக்கூட உதவினது அதுதான் என்று நினைக்கிறோம். கடைக்காரருக்குப் போன் அழைப்புகள் கூடின, வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் குறைந்தார்கள் என்று பார்மசி அக்கா சொன்னார். வேகத்தைக் கூட்ட முடியாத இடத்தில் உண்மையைச் சொல்லலாம். அதற்கு டொலர் தேவையில்லை.

இப்போது எங்களில் இரண்டு பேர் கொழும்பில் டேட்டா வேலை செய்கிறார்கள். அங்கே ஸ்கிரிப்ட் எழுதத் தேவையில்லை. ஃபைவ்ட்ரான், எயர்பைட் மாதிரி ஆயத்தமான கருவிகள் இருக்கின்றன. எத்தனை நேரத்துக்கு ஒருக்கா என்று ஒரு பட்டியலில் இருந்து தெரிவுசெய்தால் சரி. 15 நிமிடம், ஒரு மணித்தியாலம், 6 மணித்தியாலம், 24 மணித்தியாலம். கை தன்பாட்டில் ஆகக் குறைந்த எண்ணுக்குத்தான் போகும். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மட்டும் திறந்து பார்க்கும் ஒரு விற்பனை அறிக்கை, கிழமை முழுக்க 15 நிமிடத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கப்படுவதை எங்களில் ஒருத்தி கண்டாள். ஆர் எப்ப பார்க்கிறீங்கள் என்று கேட்டாள். கேட்டவுடன் சிரித்துவிட்டார்களாம். இப்போது அது திங்கள் காலை ஆறு மணிக்கு ஒருக்கா ஓடுகிறது. அதே இடத்தில், களஞ்சியத்தில் சாமான் முடிவதைச் சொல்லும் பட்டியல் நாளுக்கு ஒருக்கா ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கூட்டச் சொல்லி அவள் சண்டை பிடிக்கவேண்டியிருந்தது.

நீங்களும் இப்படியான வேலைக்குப் போகப்போகிறவர்களாக இருக்கலாம், அல்லது ஊரில் ஒரு சின்னப் பக்கத்தை ஓட்டுகிறவர்களாக இருக்கலாம். அந்த எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை. மாற்ற முன்னம் அந்தப் பக்கத்தில் காத்துக்கொண்டிருப்பவர் ஆர் என்று ஒருக்கா கேட்டுப் பாருங்கள். எண்ணைக் குறைத்தால் ஆரோ ஒருவரின் டேட்டாவும் காசும் கொம்பியூட்டரின் மூச்சும் போகிறது. கூட்டினால் ஆரோ ஒருவரின் நாள் போகிறது. இரண்டு பேரையும் தெரிந்துகொண்டு வைக்கிற எண் எதுவானாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

2023இல் மருந்துகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பக்கத்தைப் பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். ஒரு கடை கொம்பியூட்டரை மாற்றியது, ஸ்கிரிப்டைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. இன்னொரு கடை மறந்தேபோனது. நாங்களும் 10ஐ 60 ஆக்கி, 60ஐ நாளுக்கு ஒருக்கா ஆக்கி, கடைசியில் ஒருநாள் நிறுத்தினோம். இந்த முறை எல்லாக் கடைக்கும் போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினோம்.

நிறுத்திய அன்று பக்கத்தை வெறுமையாக விடவா, கடைசி எண்களோடு விடவா என்று எங்களுக்குள் கதைத்தோம். ஆராவது தற்செயலாக வந்து பார்த்துவிட்டு இன்னொரு படகில் ஏறிவிடக்கூடாது. எண்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடைகளின் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் விட்டோம். மேலே ஒரு வரி எழுதினோம்: "இஞ்ச இப்ப கணக்கு இல்லை. கடைக்குப் போன் எடுத்துக் கேளுங்கோ."